பல் போனது முதலிலா, பலீன் வந்தது முதலிலா?

3 ஜூலை 2025, வாசகர் கேள்வி

நீலத் திமிங்கலத்துக்குப் பல் கிடையாது. மேல்தாடையிலிருந்து பலீன் தகடுகள் தொங்குகின்றன, அவற்றால் பொடி இறால்களை வடிகட்டித் தின்கிறது. இதுவரை சரி. ஆனால் அதன் மூதாதைகளுக்குப் பல் இருந்தது என்கிறார்கள். பல்லால் மீனைக் கவ்விக்கொண்டிருந்த விலங்கு நடுவில் என்ன செய்து பிழைத்தது? பாதி வளர்ந்த சல்லடையில் எதுவும் நிற்காது. பல்லும் போய், சல்லடையும் வராத தலைமுறை பட்டினி கிடந்து செத்திருக்க வேண்டும். படிப்படியாக மாறியது என்ற கணக்கு இங்கே உதைக்கிறது. யாராவது பதில் சொல்லுங்கள்.

3 ஜூலை, இரவு

கேள்வி பழசு. 1871இல் செயின்ட் ஜார்ஜ் மிவார்ட் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் டார்வினிடம் கேட்டது கிட்டத்தட்ட இதையேதான்: பலீன் பயன்படும் அளவுக்கு வளர்ந்த பிறகு இயற்கைத் தேர்வு அதை வளர்க்கும், ஒப்புக்கொள்கிறேன், அதன் தொடக்கம் எப்படி வந்தது? டார்வின் 1872இல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் ஆறாம் பதிப்பில் பதில் எழுதினார். திமிங்கலத்தை விட்டுவிட்டு வாத்தைப் பிடித்துக்கொண்டார். தட்டைவாயன் வாத்து ஒன்றின் மேல் அலகில், ஒரு பக்கத்தில் மட்டும் 188 மெல்லிய தகடுகளை எண்ணியிருக்கிறார். குளிர்காலத்தில் பள்ளிக்கரணைக்கு வருகிறதே, அதே வாத்துதான். அதற்கு அடுத்து தகடு குறைந்த வாத்துகள், அதற்கும் கீழே தகட்டைப் புல் பிடுங்க மட்டுமே பயன்படுத்தும் வாத்தினங்கள் என்று வரிசையாக அடுக்கிக் காட்டினார். ஒவ்வொரு படியிலும் பறவை நன்றாகவே வயிறு நிறைத்துக்கொள்கிறது என்பது அவர் வாதம்.

நல்ல வக்கீல் வாதம். ஆனால் வாத்தை வைத்துத் திமிங்கலத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. அவர் கையில் ஒரு பழைய திமிங்கல மண்டையோடுகூட இல்லை. நம்மிடம் இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

4 ஜூலை

புதைபடிவங்களுக்குப் போகும் முன் ஒன்று. கேள்வியில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: பலீன் தொடக்கத்திலிருந்தே இன்று செய்யும் வேலையைத்தான் செய்தது, பல் போனால் சாப்பாடு போச்சு. இரண்டாவது பாதி உண்மையில்லை. அலகுத் திமிங்கலங்களைப் பாருங்கள். பல இனங்களில் ஆணுக்கு ஒன்றிரண்டு பல், அதுவும் சண்டைக்கு. பெண்ணுக்கு வெளியே தெரிகிற பல்லே இல்லை. ஆழத்தில் கணவாய் தின்று கொழுக்கின்றன. எப்படி? நாக்கைச் சட்டென்று பின்னுக்கு இழுத்து, தொண்டையை விரித்து, இரையைத் தண்ணீரோடு உறிஞ்சிவிடுகின்றன.

என் கட்சி இதுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கவ்வுவதிலிருந்து நேராக வடிகட்டுவதற்குத் தாவவில்லை. நடுவில் உறிஞ்சுவது இருந்தது. உறிஞ்சத் தெரிந்த விலங்குக்குப் பல் சுமைதான். அப்புறம், உறிஞ்சினால் வாய்க்குள் வந்த தண்ணீரை வெளியேற்ற வேண்டும், அப்போது இரை நழுவிப் போகக் கூடாது. ஈறின் ஓரத்தில் தடித்த, சொரசொரப்பான ஒரு விளிம்பு இருந்தாலே அங்கே லாபம். அது கிரில் என்ற பொடி இறாலைப் பிடிக்க வேண்டாம், விரல் நீள மீனைத் தடுத்தால் போதும். பாதிச் சல்லடைக்குப் பாதி வேலை இருந்தது.

4 ஜூலை, பிற்பகல்

"திமிங்கல வாந்தி கிலோ ஒரு கோடியாமே, அது இந்தத் திமிங்கலமா?" என்று கேட்ட அன்பருக்கு: இல்லை. அம்பர் எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாவது. அதற்குப் பல் உண்டு, இந்த இழைக்குச் சம்பந்தமில்லாத கிளை. கடற்கரையில் கிடைத்தால் எனக்குச் சொல்ல வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள். வைத்திருந்தாலே வழக்கு.

6 ஜூலை

"மூதாதைக்குப் பல் இருந்தது என்பதே ஊகம்தானே" என்று ஒருவர். படிவமே வேண்டாம் ஐயா, இன்றைய திமிங்கலத்தின் கருவைப் பார்த்தால் போதும். தாய் வயிற்றில் இருக்கும்போது பலீன் திமிங்கலத்துக்குப் பல் முளைகள் தோன்றுகின்றன. தாடை வரிசையாக, ஒழுங்காக. பிறகு கரைந்து உடம்போடு போய்விடுகின்றன, அந்த இடத்தில் மேல் ஈறு தடித்துப் பலீனாக ஆரம்பிக்கிறது. பிரான்சின் ஜாஃப்ராய் செயின்ட்-ஹிலேர் இதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். பிறக்கப்போகும் முன்பே கரைந்துவிடும் பல்லை எதற்கு முளைக்கவிட வேண்டும்? பழைய வழக்கம், விடவில்லை.

மரபணுவிலும் தடயம் இருக்கிறது. எனாமல் செய்யும் மரபணுக்கள் இந்தத் திமிங்கலங்களில் இன்னும் கிடக்கின்றன, உடைந்த நிலையில். அதில் எம்.எம்.பி.20 என்பதுதான் எனக்குப் பிடித்தது. 2011இல் வந்த ஆய்வு: அந்த மரபணுவின் நடுவில் ஒரு வேற்றுத் துண்டு வந்து செருகிக்கொண்டு அதைக் கெடுத்திருக்கிறது. இன்றுள்ள பலீன் திமிங்கலக் குடும்பங்கள் அத்தனையிலும் அதே துண்டு, அதே இடத்தில். தனித்தனியாக நடந்த விபத்தாக இருந்தால் இப்படிப் பொருந்தாது. இவை பிரிந்து போவதற்கு முன் இருந்த பொது மூதாதையிலேயே எனாமல் போய்விட்டது என்று அர்த்தம்.

ஆனால் கவனியுங்கள், இது எனாமல் எப்போது கெட்டது என்று மட்டும்தான் சொல்கிறது. பலீன் அதற்கு முன்பே இருந்ததா, பிறகு வந்ததா என்று மரபணு வாய் திறக்கவில்லை. நம் சண்டையே அந்த இடத்தில்தான்.

9 ஜூலை

சரி, படிவங்கள். வரிசையாக எல்லாம் சொன்னால் பாடப்புத்தகம் ஆகிவிடும், எனக்கு முக்கியமாகப் படுகிற லானோசீட்டஸ் என்ற பல்லுள்ள பழைய திமிங்கலத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அண்டார்க்டிகாவின் சீமோர் தீவு. 1989இல் தாடைத் துண்டு ஒன்றை வைத்துப் பெயர் சூட்டினார்கள். வயது சுமார் 3.4 கோடி ஆண்டு. பல்லின் விளிம்பில் பெரிய பெரிய முகடுகள், விரித்த கை மாதிரி. அதைப் பார்த்ததும் பலருக்கு நண்டுண்ணி சீல் நினைவு வந்தது. அந்த சீலின் பல்லும் இப்படித்தான் கிளைத்திருக்கும், மேல் கீழ் பல் சேர்ந்தால் கிரில்லை வடிகட்டும் வேலியாகிவிடும். ஆகவே ஒரு அழகான கதை தயாரானது: திமிங்கலம் முதலில் பல்லாலேயே வடிகட்டியது, பிறகு அந்த வேலையை பலீன் எடுத்துக்கொண்டது. வடிகட்டல் ஒருநாள்கூட நிற்கவில்லை. கேள்வி கேட்டவருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

2018இல் யூவன் ஃபோர்டைஸும் ஃபீலிக்ஸ் மார்க்ஸும் முழு மண்டையோட்டை விவரித்து அந்தக் கதையைக் கலைத்துவிட்டார்கள். பற்களுக்கு நடுவே அகலமான இடைவெளி. வேலியில் மாடு நுழைகிற அளவு சந்து விட்டு என்ன வடிகட்டுவது? பல் தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் மேலும் கீழும் உரசி வெட்டியிருக்கிறது. கவ்வியும் உறிஞ்சியும் ஒவ்வொரு இரையாகத் தின்ற விலங்கு. மேலண்ணத்தில் ரத்தக்குழாய்ப் பள்ளங்கள் இருக்கின்றன. பலீன் அடையாளம் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அவை பற்களைச் சுற்றிக் கூடுகின்றன. தடித்த ஈறு இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று, நீளம் சுமார் 8 மீட்டர். வடிகட்டத் தொடங்கும் முன்பே இவ்வளவு பெரிசு.

9 ஜூலை, சற்று நேரம் கழித்து

பெருவில் கிடைத்த மிஸ்டகோடானை விட்டுவிட்டேனே என்பவர்களுக்கு: 2017இல் அறிவிக்கப்பட்டது, 3.64 கோடி ஆண்டு, இந்தக் கிளையில் நமக்குத் தெரிந்தவற்றில் மிகப் பழையது. அதற்கும் பல் உண்டு. கடல் தரையில் உறிஞ்சித் தின்றிருக்கும் என்பது அதை விவரித்தவர்களின் கருத்து. என் கட்சிக்குச் சாதகம்தான்.

15 ஜூலை

2017ஆம் ஆண்டு இந்தத் துறையில் இருந்தவர்கள் நன்றாகச் சிரித்திருப்பார்கள். தென் கரோலினாவில் கிடைத்த கொரோனோடான், சுமார் 3 கோடி ஆண்டு வயது. அதன் கடைவாய்ப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கின்றன, நடுவில் சின்னச் சின்ன வழிகள். இதோ, பல்லால் வடிகட்டிய திமிங்கலம் என்று ஒரு குழு எழுதியது. சில மாதம்தான். ஆஸ்திரேலியக் குழு ஒன்று பழைய திமிங்கலப் பற்களை முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, விளிம்பு எவ்வளவு கூர்மை என்று அளந்தது. சிங்கம் போன்ற வேட்டை விலங்குகளோடும் இன்றைய சீல்களோடும் ஒப்பிட்டது. வடிகட்டும் சீல்களின் பல் மழுங்கல், பழைய திமிங்கலங்களின் பல் கத்தி. வடிகட்டுவதற்குக் கத்தி எதற்கு?

நான் இரண்டாவது குழுவின் பக்கம். ஆனாலும் கொரோனோடானைத் தூக்கி எறிய மனசில்லை. ஒரு சிறுத்தை சீல் பெங்குவினையும் கிழிக்கிறது, அதே வாயால் கிரில்லையும் வடிகட்டுகிறது. ஒரு வாய்க்கு ஒரு தொழில்தான் என்று யார் சொன்னது?

22 ஜூலை

"பலீனை நேரில் பார்த்திருக்கிறீர்களா, இல்லை எல்லாம் ஏட்டுச் சுரைக்காயா?"

பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதற்காக மேசையில் ஒரு தகடு வைத்திருந்தார்கள். பிள்ளைகளை விட நான்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். என் முழங்கை நீளம் இருக்கும், கறுப்பு. வெளி விளிம்பு வழவழவென்று நகம் போல. நகமும் அதுவும் ஒரே கெராட்டின்தான், போல என்றுகூடச் சொல்லத் தேவையில்லை. உள் விளிம்புதான் விஷயம். அங்கே தகடு கிழிந்து கிழிந்து தேங்காய் நாராகத் தொங்குகிறது. அந்த நார் தனியாக முளைத்து ஒட்டியது இல்லை. தகட்டுக்குள்ளேயே நீளவாக்கில் மெல்லிய குழல்கள் ஓடுகின்றன, அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் பூச்சை நாக்கும் தண்ணீரும் தேய்க்கத் தேய்க்க குழல்கள் வெளியே வந்து நாராகின்றன. கீழே தேய, மேலே ஈறிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும்.

தேய்மானமே இங்கே கருவியைச் செய்கிறது. ஈறின் தோல் கொஞ்சம் கெட்டியாகித் தொங்கினாலே போதும், நாரை நாக்கு பார்த்துக்கொள்ளும். அந்த மேசையருகே நின்றபோதுதான் பாதிச் சல்லடை என்ற கேள்வி எனக்குப் பயம் காட்டுவதை நிறுத்தியது.

23 ஜூலை

நம் கடலில் நீலத் திமிங்கலம் என்ன தின்கிறது என்று திருகோணமலை நண்பர் கேட்டார். இலங்கையின் தென்கரையில் திமிங்கலச் சாணத்தைச் சேகரித்து டி.என்.ஏ. பார்த்திருக்கிறார்கள், ஆஷா டி வோஸ் குழு, 2018இல் வெளியானது. பெரும்பங்கு கிரில் இல்லை, செர்ஜெஸ்டிட் என்ற குடும்பத்துச் சிற்றிறால். நம் சென்னாக்குன்னியும் அதே குடும்பம்தான். உங்கள் ஊர்க் கூனிறால் சம்பலுக்கும் நீலத் திமிங்கலத்தின் சாப்பாட்டுக்கும் பங்காளி உறவு.

அந்தச் சாணத்தை நானும் படகிலிருந்து பார்த்திருக்கிறேன். செங்கல் நிறத்தில் நீளமாகப் பரவி, சீக்கிரத்தில் கலைந்துவிட்டது. படகில் இருந்த மற்றவர்கள் வாலைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

30 ஜூலை

இப்போது என் கட்சிக்கு எதிரான சாட்சி. இதைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை.

ஆரிகனில் கிடைத்த ஏஷியோசீட்டஸ், சுமார் 2.5 கோடி ஆண்டு. வாய் நிறையப் பல். ஆனால் மேலண்ணத்தில், பல் வரிசைக்கு உள்பக்கமாகச் சின்னத் துளைகள். இன்றைய பலீன் திமிங்கலங்களில் இதே இடத்துத் துளைகள் வழியாகத்தான் பலீனுக்கு ரத்தம் போகிறது. சான் டியேகோவின் டாம் டெமரே குழு 2008இல் எழுதியது: பல்லும் பலீனும் ஒரே வாயில் ஒன்றாக இருந்திருக்கின்றன. பிறகு அதே மண்டையோட்டை சி.டி. ஸ்கேன் எடுத்தபோது இன்னும் வலுத்தது. அந்தத் துளைகள் உள்ளே போய், மேல்தாடைப் பற்களுக்கு ரத்தம் கொண்டுபோகும் கால்வாயோடு சேர்கின்றன. இன்றைய திமிங்கலத்திலும் பல்லுக்குப் போக வேண்டிய அந்தக் குழாய்தான் பலீனுக்குப் போகிறது. பழைய கால்வாயில் புதிய சரக்கு.

இது உண்மையானால் பல்லில்லாத இடைக்காலமே தேவையில்லை. ஒன்று குறையக் குறைய மற்றது வளர்ந்தது, அவ்வளவுதான். கேள்வி கேட்டவர் பயந்த பட்டினித் தலைமுறையும் கிடையாது.

எதிர்ப்பும் வந்தது, 2022இல். கார்லோஸ் பெரேடோ, நிக் பையன்சன், மார்க் ஊன் மூவரும் பலீனுக்குச் சம்பந்தமே இல்லாத பாலூட்டிகளின் மண்டையோடுகளைத் தேடிப் பார்த்தார்கள். அண்ணத்தில் துளை பல விலங்குகளிலும் இருக்கிறது. துளை இருப்பதை வைத்துப் பலீன் இருந்தது என்று சொல்ல முடியாது என்பது அவர்கள் முடிவு.

இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தேன். துளை மட்டும் என்றால் எதிர்ப்பு சரி. ஆனால் துளை உள்ளே எங்கே போய்ச் சேர்கிறது என்பது வேறு சாட்சி, அதை அவ்வளவு லேசாகத் தள்ள முடியாது. இந்த இழையைத் தொடங்கியபோது இருந்ததை விட நான் இப்போது ஏஷியோசீட்டஸ் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறேன். உறிஞ்சல் முதலில் என்பதை விடவில்லை. உறிஞ்சிய வாயில் பல் இருந்தபடியே ஈறு தடித்திருக்கலாமே.

31 ஜூலை

மையபலீனா என்ற பழைய திமிங்கலத்தைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அதுவும் ஆரிகன், 3.3 கோடி ஆண்டு, 1970களில் தோண்டி அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் கிடந்தது, 2018இல் பெயர் வந்தது. பல்லும் இல்லை, பலீனுக்கு ஏற்ற அகன்ற அண்ணமும் இல்லை, உறிஞ்சித் தின்றது என்கிறார்கள். அதாவது பட்டினித் தலைமுறை என்று நீங்கள் சொன்னதே எலும்பாக நிற்கிறது, பட்டினி இல்லாமல். எனக்கு மிகவும் வேண்டிய சாட்சிதான். ஆனால் ஒரே ஒரு மண்டையோடு, மேல்தாடையோரம் முழுசாக நன்றாக இல்லை. வேண்டிய சாட்சி என்பதாலேயே கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறேன்.

5 ஆகஸ்ட்

ஆர்க்டிக் கடலில் வாழும் போஹெட் என்ற பலீன் திமிங்கலத்தின் குட்டிகளைப் பற்றி ஒருவர் எழுதியது என்னைத் தூங்கவிடவில்லை. அவர் வாதம்: பாதிச் சல்லடைக்கு ஏன் கோடிக்கணக்கான ஆண்டு பின்னால் போக வேண்டும், ஒவ்வொரு குட்டியும் பாதிச் சல்லடையோடுதான் பிறக்கிறது.

உண்மை. போஹெட்டின் பலீன் வளர்ந்தால் 4 மீட்டரையும் தாண்டும், உலகிலேயே நீளமானது. பிறக்கும்போது குட்டையாக இருக்கும். பால் குடிக்கும் வரை கவலையில்லை. பால் மறந்ததும் சங்கடம்: தலையும் பலீனும் போதிய அளவு வளராமல் சரியாகச் சாப்பிட முடியாது. அலாஸ்காவில் ஆய்வு செய்தவர்கள் கண்டது, அந்த ஆண்டுகளில் குட்டியின் உடல் நீளம் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது, விலா எலும்பிலிருந்து சத்தை எடுத்துத் தலையையும் பலீனையும் வளர்க்கிறது. சொந்த விலாவைச் செலவழித்துச் சல்லடை வாங்குகிறது.

நண்பர் இதை எனக்கு ஆதரவாகத்தான் எழுதினார். யோசித்துப் பார்த்தால் பாதி எனக்கு எதிராகவும் திரும்புகிறது. பாதிச் சல்லடை சிரமம்தான், இன்றும்கூட. ஆனால் போஹெட் கடலில் வாயைத் திறந்தபடி மெதுவாக நீந்தி, அரிசிமணி அளவுள்ள கோப்பிபாடு என்ற மிதவை உயிர்களைப் பிடிக்கும் தொழில்காரன். அந்தத் தொழிலுக்குக் குட்டைப் பலீன் போதாது. சாம்பல் திமிங்கலத்தைப் பாருங்கள். அதன் பலீன் குட்டை, முரடு. பக்கவாட்டில் படுத்து, கடல் தரைச் சேற்றை உறிஞ்சி, சேற்றைத் துப்பிவிட்டு உள்ளே இருக்கும் பொடி உயிர்களைத் தின்கிறது. பெரும்பாலானவை வலது பக்கமாகவே படுப்பதால் அந்தப் பக்கப் பலீன் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். குட்டைப் பலீனும் உறிஞ்சலும் சேர்ந்தால் பிழைப்பு நடக்கிறது, இன்றும் பசிபிக்கில் நடந்துகொண்டிருக்கிறது. தொடக்கம் போஹெட் மாதிரி இருந்திருக்காது, இந்த மாதிரி இருந்திருக்கும்.

16 ஆகஸ்ட்

இந்த வாரச் செய்தி பார்த்தீர்களா? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கடற்கரையிலிருந்து இன்னொரு ஜான்ஜூசீட்டஸ், பல்லுள்ள பழைய திமிங்கலம். 2006இல் அறிவிக்கப்பட்டதன் சொந்தக்காரன், புது இனம், சுமார் 2.6 கோடி ஆண்டு. கூர்மையான பல், பெரிய கண், குட்டை மூஞ்சி, இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். இளம் விலங்காம். படம் வரைபவர்களுக்கு யோகம்.

எனக்கு இதில் சுவாரசியம் வயதுதான். 2.6 கோடி ஆண்டுக்கு முன் நியூசிலாந்துப் பக்கத்தில் இயோமிஸ்டிசீட் குடும்பம், அகன்ற அண்ணமும் நீண்ட மூஞ்சியுமாக ஏற்கெனவே பலீனோடு நீந்திக்கொண்டிருந்தது. அதே காலத்தில் பக்கத்துக் கடலில் இந்தக் கடிக்கும் குட்டித் திமிங்கலம். அண்ணன் சல்லடைக்கு மாறிய பிறகும் தம்பி கத்தியை விடவில்லை. ஒரே ஏணியில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறியதாக வரைகிற படங்களைக் கிழித்துப் போடலாம்.

17 ஆகஸ்ட்

"வடிகட்டத் தொடங்கியதால்தான் ராட்சச அளவு வந்தது." இல்லை, இரண்டுக்கும் நடுவில் நெடுங்காலம். பலீன் வந்து 2 கோடி ஆண்டுக்கு மேல் இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை 10 மீட்டருக்குள்தான். ராட்சதர்கள் கடைசி 45 லட்சம் ஆண்டுக்குள் வந்தவர்கள் என்று 2017இல் கிரஹாம் ஸ்லேட்டர் குழு கணக்கிட்டது. பனிப்பாறைகள் பெருகி, சில கரைகளில் பருவத்துக்குப் பருவம் ஆழ்நீர் மேலே பொங்கி, இரை ஓரிடத்தில் குவியலாகக் கிடைக்கத் தொடங்கிய காலம். குவியல் இருந்தால்தான் பாய்ந்து விழுங்குவது கட்டுப்படியாகும். நீலத் திமிங்கலம் தாடையைத் திறந்து பாயும்போது தொண்டை மடிப்புகள் விரிந்து, தன் எடைக்குச் சமமாகத் தண்ணீர் உள்ளே வரும். வட பசிபிக்கில் ஒரு நாளைக்கு 16 டன் கிரில் என்று 2021இல் மதிப்பிட்டார்கள். சிதறிக் கிடக்கும் இரைக்காக அப்படிப் பாய்ந்தால் நஷ்டம்.

அளவைப் பற்றிப் பேச வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

2 செப்டம்பர்

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார், மகிழ்ச்சி. "எது கிடைத்தால் உங்கள் மனம் மாறும்?" என்கிறார். நல்ல கேள்வி, முதல் கேள்வியை விட நல்ல கேள்வி.

பலீன் நகம் மாதிரிப் பொருள், ஈறோடு கழன்று விழுந்து அழுகிவிடும், அதனால்தான் எல்லோரும் எலும்பில் துளை தேடிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அழுகாமல் கல்லான பலீன் உண்டு. பெருவின் பிஸ்கோ பாலைவனத்தில், நார்க் குழல்கள் நுண்ணோக்கியில் தெரியும் அளவுக்கு. துரதிர்ஷ்டம், அவை மியோசீன் காலம், நம் சண்டைக்கு மிகத் தாமதம். 2.5 கோடி ஆண்டுக்கு முந்திய பாறையில், பல்லுள்ள தாடையை ஒட்டி அப்படி ஒரு கல் பலீன் கிடைத்தால் ஏஷியோசீட்டஸ் கட்சிக்கு முழுசாக மாறிவிடுவேன். அதே வயதில் பல் குழி தெளிவாக மூடிப்போன, அண்ணம் குறுகலான இரண்டாவது மண்டையோடு ஒன்று, மேல்தாடை உடையாமல் கிடைத்தால் மையபலீனா கட்சி. உங்களுக்கு எது கிடைத்தால் மனம் மாறும் என்பதையும் எழுதிவிடுங்கள்.